எந்த மரகதம்?

அந்தக் கடலோர ஊரில் மரகதம் என்ற பேர் முதலில் ஒரு தாயாருடையது. படகு விட்டுச் செல்வந்தரான ஒருவர், தன் முதல் பெரிய படகுக்குத் தன் அம்மாவின் பேரை வைத்தார். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி இறக்கிய படகு அது. பல வருடம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, மூடுபனி இறங்கிய ஒரு காலையில் வழி தப்பி, தெற்கே, கடல் வற்றினால் தெரிந்து ஏறினால் முழுகிப்போகும் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதுவரை பேரில்லாமல் கிடந்த திட்டை அன்றுமுதல் எல்லோரும் மரகதம் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். படகுத்துறைக்கு இறங்கும் தெருவும் மரகதம் தெரு ஆயிற்று. பழைய படகை உடைத்துப் புதுப் படகு வாங்கியபோதும் முதலாளி வீட்டார் பேரை மட்டும் மாற்றவில்லை.

இந்தக் கதையின் மரகதம் பிறந்தது, படகு திட்டில் ஏறிய அதே வாரத்தில். அவளுடைய அப்பா அந்தப் படகின் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவர். முழங்கால்வரை தண்ணீர் ஏறிய அறையிலிருந்து கடைசி ஆளாக வெளியே வந்தார். பயணிகளில் ஒருவருக்குக்கூட நகக்கீறல் இல்லை. பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கியதும், "இவ பேரு மரகதம்" என்றார்.

"மூழ்கின கப்பல் பேரையா புள்ளைக்கு வைப்பாங்க?" என்று அம்மா படுத்தபடியே கேட்டாள்.

"மூழ்கலையே! அதனாலதான் வைக்கிறேன்" என்றார் அப்பா.

அப்பாவுக்கு அது நன்றிக்கடன். சுமக்க வேண்டியவள் மகள்தானே. பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவர்களுக்கெல்லாம் புதுப்புதுப் பேர்கள். இவள் வேறு நெடுநெடுவென்று வளர்ந்தாள். மரகதத்தில் நடுவே இருந்த இரண்டு எழுத்தைப் பிள்ளைகள் தின்றுவிட்டு ‘மரம்’ என்று கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்திருந்தால், "மரகதம் பாட்டி, உள்ள வாங்க" என்று நர்ஸ் குரல் கொடுப்பார். எழுந்து போகும் பதினைந்து வயதுப் பெண்ணைப் பார்த்து, "உங்க பாட்டி எங்கம்மா?" என்பார். கல்யாணப் பேச்சு வந்தபோது, பின்னால் அவளுக்குக் கணவரான வெல்டர், பேரை மட்டும் கேட்டுவிட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டாராம். "பல்லு இருக்குமான்னு சந்தேகமா இருந்துச்சு" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

எட்டு வருடம் கழித்துத் தங்கை பிறந்தபோது அம்மா அப்பாவை வாயே திறக்க விடவில்லை. "ஒரு தடவை உங்க இஷ்டம். இந்தத் தடவை என் இஷ்டம்" என்று சொல்லி, வாயில் போட்ட மிட்டாய்போல இரண்டெழுத்தில் ஒரு பேர் வைத்தாள். அந்தப் பேரைக் கேட்கிறவர்கள் எல்லாம், "அட, அழகா இருக்கே" என்பார்கள். மரகதத்துக்கு அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும். ஆனால் அந்தப் பேர்க்காரியை இடுப்பைவிட்டு இறக்கியதில்லை. தலை வாரி, சோறு ஊட்டி, கணக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்ததில் பாதி அவள்தான்.

வேலை கிடைத்தபோதும் விதி அவளை விடவில்லை. அப்பா ஓய்வு பெற்ற பிறகு அதே படகுத்துறையில் அவளுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. குரல் கணீரென்று இருக்கிறது என்று கொஞ்ச நாளிலேயே அறிவிப்பாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த, மாடியில் இருந்த சிறிய அறை. மேசையில் மைக், ரேடியோ, ஒரு பழைய தொலைபேசி. சன்னலுக்கு வெளியே முழுக் கடல்வாயும் தெரியும். அந்த அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தன் பேரையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை.

"மரகதம் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்பாள். கீழே நிற்கும் சுமைக்காரர்கள், "எங்கக்கா கிளம்பிட்டீங்க, சாப்பாட்டுக்கா?" என்று கத்துவார்கள். "மரகதம் பழுது காரணமாக இன்று இயங்காது" என்று ஒருநாள் அறிவித்துவிட்டு மைக்கை அணைப்பதற்குள் கணவரின் அழைப்பு வந்தது. "என்ன, உடம்பு சரியில்லையா?" அவர் கிண்டலுக்குக் கேட்டாரா நிஜமாகவே பயந்துபோனாரா என்று இன்றுவரை தெரியாது. "மரகதத்துக்கு வயசாயிடுச்சு, சத்தம் ஜாஸ்தி" என்று பயணிகள் பேசிக்கொண்டு போவதை அவள் காதாரக் கேட்டிருக்கிறாள். அதனால் யார் எதைச் சொன்னாலும் "எந்த மரகதம்?" என்று கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. படகா, திட்டா, தெருவா, நானா என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் சந்தோஷப்படுவதோ கோபப்படுவதோ.

இப்படி வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த பேருக்காகத்தான் கடைசியில் அவள் தங்கையோடு சண்டை போட்டாள்.

தங்கையைக் கட்டிக்கொடுத்தது அக்கரையில். முதலில் ஒரு பையன், பிறகு ஒரு பெண் குழந்தை. பெண் குழந்தை பிறந்தபோது அப்பா இல்லை. அதற்கு முந்தின வருடம்தான் இறந்திருந்தார். மருத்துவமனை அறையில் தொட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தபோது அம்மா, "அப்பா ஞாபகமா மரகதம்னு வைக்கலாமா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

தங்கை சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா! இந்தக் காலத்துல யாராவது வைப்பாங்களா? அக்கா பட்டது போதாதா? புள்ள பள்ளிக்கூடத்துல தலை காட்ட முடியுமா?"

தான் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைகள்தான். ஆனால் தான் இடுப்பில் சுமந்து வளர்த்தவள் வாயிலிருந்து, அதுவும் சிரிப்போடு, எல்லார் முன்னாலும் வந்தபோது மரகதத்தின் முகம் சிவந்துபோனது.

"நான் தலை காட்டிக்கிட்டுதான் இருக்கேன். உன்னையும் தலை காட்ட வச்சேன்" என்றாள்.

"உன்னை யாருக்கா சொன்னா? பேரைத்தானே சொன்னேன்."

"பேர் வேற நான் வேறயா?"

வார்த்தை வளர்ந்தது. ஒருத்தி பழசை இழுத்தாள். இன்னொருத்தி அதற்கும் பழசை இழுத்தாள். அன்று பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிய மரகதம், மூன்று வருடமாகத் தங்கையோடு பேசவில்லை. அம்மா மட்டும் மாதம் ஒரு தடவை அக்கரைக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவாள். திரும்பி வந்ததும், "குட்டி இப்போ ஓடுறா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மரகதமும் சுவருக்குப் பதில் சொல்வதுபோல, "ம்" என்பாள். படகு அக்கரையிலிருந்து வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிற கூட்டத்தில் அவள் கண் ஒருமுறை ஓடிவிட்டு வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அது ஒரு விடுமுறை நாள், பிற்பகல். படகு அக்கரையிலிருந்து கிளம்பி நடுவழியில் வந்துகொண்டிருந்தது. மரகதம் மைக்கைப் போட்டு, வண்டிகளை வரிசையாக நிறுத்தும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் தொலைபேசி மணி அடித்தது. அதை எடுத்தவர் அதே அலுவலகத்தில் வேலை பார்த்த நடுவயதுக்காரர். எதற்கும் பதறுவதால் அவருக்கு ‘அவசரம்’ என்றே பேர்.

மறுமுனையில் காற்றின் இரைச்சல். ஒரு பெண்குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "மரகதத்துல இருக்கோம்... தண்ணி ஏறுது... குழந்தைங்க இருக்கு..." அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

"ஐயோ! மரகதத்துல தண்ணி ஏறுதாம்!" என்று அவசரம் போட்ட கூச்சல், அணைக்காத மைக் வழியாகத் துறை முழுக்க, தெருக்கோடிவரை கேட்டது.

மரகதம் பாய்ந்து மைக்கை அணைத்தாள். அணைத்து என்ன பயன்? கீழே கூட்டம் கரையோரத்துக்கு ஓடியது. இழுவைப் படகுக்காரர்கள் யாரும் சொல்லாமலே கயிற்றை அவிழ்த்து, நடுவழியில் இருந்த படகை நோக்கிச் சீறிக்கொண்டு போனார்கள். அவசரம் ரேடியோவைக் கையில் எடுத்து, "மரகதம், மரகதம்!" என்று கத்தினார். பதில் இல்லை. கரகரப்பு மட்டும்.

"முடிஞ்சுதுக்கா. எல்லாம் முடிஞ்சுது" என்று அவர் நாற்காலியில் விழுந்தார்.

மரகதம் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். படகு எப்போதும்போல, கல்யாணத்துக்குப் போகிற பெரிய மனுஷிபோல, நிமிர்ந்து வந்துகொண்டிருந்தது. சாயவில்லை. வேகம் குறையவில்லை.

"சார், தண்ணி ஏறுற படகு இப்படியா வரும்? போன்ல என்ன சொன்னாங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

அவர் சொல்வதற்குள் மணி மறுபடி அடித்தது. இந்த முறை அவளே எடுத்தாள்.

"ஹலோ, மரகதத்துல மாட்டிக்கிட்டோம், யாராச்சும் வாங்க..."

"எந்த மரகதம்?"

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது.

"அக்கா?"

மூன்று வருடம் கழித்துக் கேட்கிற குரல். ஆனாலும் கையில் இருந்த வேலை அவளைக் கலங்க விடவில்லை.

"நான்தான்டி. எங்க இருக்கே? படகுலயா, திட்டுலயா?"

"திட்டுல. புள்ளைங்களுக்குச் சிப்பி பொறுக்கலாம்னு சின்னப் படகுல வந்தோம். இறக்கி விட்டுட்டு இப்ப வர்றேன்னு போன படகுக்காரர், இஞ்சின் நின்னு போயி காத்து இழுத்த பக்கம் போயிட்டாருக்கா. கண்ணுலேயே காணோம். தண்ணி முட்டிக்கு மேல வந்துடுச்சு."

"எல்லாரும் ஒண்ணா நிக்கிறீங்களா?"

"ஒண்ணாதான். ஆளுக்கு ஒரு புள்ளையத் தூக்கிட்டோம்."

"அப்படியே நில்லுங்க. நீந்திப் போலாம்னு உன் வீட்டுக்காரர் வீரம் காட்டினா காலைப் புடிச்சுக்கோ. நிறமா ஏதாச்சும் துணி இருந்தா தூக்கி ஆட்டுங்க. நான் அனுப்புறேன்."

"அக்கா, சார்ஜ் இல்ல..."

அதோடு குரல் போய்விட்டது.

அவள் ரேடியோவை அவசரத்தின் கையிலிருந்து வாங்கினாள். "மரகதம், இது துறை. மரகதம், இது துறை." சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகப் படகின் தலைவர் குரல் வந்தது. ஊரில் எல்லோரும் அவரை மீசை என்பார்கள். "சொல்லும்மா. கீழே ரெண்டு கார்க்காரங்க இடிச்சுக்கிட்டு அடிதடி. விலக்கிவிடப் போயிருந்தேன். அது சரி, இழுவைப் படகு ஏன் என்னைப் பார்த்து நாலுகால் பாய்ச்சல்ல வருது?"

"அண்ணே, உங்ககிட்ட இல்ல, திட்டுல. நாலு பேரு மாட்டிக்கிட்டாங்க, ரெண்டு குழந்தைங்க. கொண்டுவந்து விட்ட சின்னப் படகுக்காரரையும் காணோம். தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. உங்களுக்குத்தான் கிட்ட."

மீசை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "தெற்கே திரும்புறேன். கிட்டப் போனா நானும் தட்டிக்குவேன். ஆழம் இருக்கிற ஓரத்துல நின்னு சின்னப் படகை இறக்குறேன். இழுவைப் படகை அந்தக் காணாமப்போன ஆளைத் தேடச் சொல்லு."

கண்ணாடிக்கு வெளியே பெரிய படகு மெல்ல முகம் திருப்பியது. அதுவரை ‘திட்டில் இருப்பது என் தங்கச்சி’ என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று பயம். கீழே காத்திருந்தவர்களுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். மைக்கைப் போட்டாள்.

"பயணிகள் கவனத்துக்கு. மரகதத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. மணல்திட்டில் சிக்கியவர்களை ஏற்றிவரச் சென்றுள்ளது. சற்றுத் தாமதமாக வரும். அனைவரும் பொறுத்துக்கொள்ளவும்."

அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை என்று பிறகு எல்லோரும் வியந்தார்கள். மேசைக்கு அடியில் அவள் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததை அவசரம் மட்டும் பார்த்தார்.

மறுபடியும் தொலைபேசி. பாய்ந்து எடுத்தாள். அம்மா.

"மரகதம்? நீதானா? தெருவுல எல்லாரும் மரகதம் முழுகிட்டா முழுகிட்டான்னு கத்துறாங்கடி! பக்கத்து வீட்டுக்காரி வந்து என்னைக் கட்டிப் புடிச்சு அழுவுறா!"

"முழுகலம்மா. நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன். படகும் நல்லா இருக்கு."

"அப்பாடா. வயித்துல பாலை வார்த்தே. ஏதோ என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலை, அது போதும்."

"ஆமாம்மா" என்றாள் மரகதம். வாயைக் கையால் பொத்திக்கொண்டு தொலைபேசியை வைத்தாள். அவசரம் அப்போதுதான் புரிந்துகொண்டவர்போல எழுந்து, ஒரு தம்ளர் தண்ணீரை அவள் முன்னால் வைத்தார். அவர் வாழ்க்கையில் பதறாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

திட்டு இருந்த பக்கம் படகு நின்றது தெரிந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. படகின் உடம்பே மறைத்துக்கொண்டிருந்தது. அவள் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தங்கைக்கு முதன்முதலில் பின்னல் போட்டபோது பிடித்து இழுத்து அழவைத்தது ஏனோ நினைவுக்கு வந்தது. குட்டியை ஒரு தடவைகூடத் தூக்கவில்லையே என்று நினைத்தாள். பெண் குழந்தை என்றால் சிவப்பாக, கைமுஷ்டியை மூடிக்கொண்டு, தொட்டிலில் கிடந்த அந்த ஒரு முகம்தான் அவளுக்குத் தெரியும். இப்போது எப்படி இருப்பாள் என்றுகூடத் தெரியாது.

ரேடியோ கரகரத்தது.

"துறை, மரகதம் பேசுறேன். நாலு பேரும் ஏறியாச்சு. குழந்தைங்க அப்பாவுக்கு நடுக்கம், வேற ஒண்ணுமில்ல. பாப்பா பிஸ்கட் கேக்குறா."

மரகதம் நாற்காலியிலிருந்து நழுவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அவசரம், "அக்கா, அக்கா" என்று பழையபடி பதற ஆரம்பித்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இழுவைப் படகிலிருந்தும் செய்தி வந்தது. சின்னப் படகுக்காரர் பத்திரம். துடுப்பு ஒடிந்து, தொண்டை கட்டி, திட்டில் விட்டுவந்தவர்களை நினைத்து அழுதுகொண்டிருந்தாராம்.

படகு துறையில் அணைந்தபோது அறிவிப்புச் செய்ய அந்த அறையில் ஆள் இல்லை. மரகதம் படிகளில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

தங்கை மாலுமி ஒருவரின் முரட்டுச் சட்டையைப் போட்டிருந்தாள். கை விரல் வெளியே தெரியவில்லை. கணவர் பல் கிடுகிடுக்க, போர்வைக்குள் பையனை அணைத்துக்கொண்டு வந்தார். குட்டி மீசையின் தோளில் சவாரி செய்துகொண்டு வந்தாள். அக்காவும் தங்கையும் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

"ஏன்டி, என் நம்பருக்கு அடிச்சிருக்கலாம்ல?" என்றாள் மரகதம்.

"என் போன் தண்ணில விழுந்துடுச்சு. இவர் போன்ல உன் நம்பரே இல்ல. நான்தான் கோவத்துல அழிக்கச் சொன்னேன்." தங்கை மூக்கை அந்தச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "துறை நம்பர்தான் மனப்பாடம். சின்ன வயசுல அப்பா வர லேட்டானா நீதானே அடிச்சுக் கேட்டுச் சொல்லுவே. விரல் தானா அதை அழுத்திடுச்சு."

"நான் இருப்பேன்னு தெரியாதா?"

"தெரியும். ஆனா எடுக்கிறது நீயா இருக்கணும்னும் வேண்டிக்கிட்டேன், நீயா இருக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன்."

மரகதம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கடல்தண்ணீர் இரண்டு பேர் உடையிலும் ஊறியது.

"அன்னைக்கு அந்த மாதிரி சொல்லியிருக்கக் கூடாதுக்கா. பேர்ல என்ன இருக்கு, நான் கிண்டல் பண்ணது தப்பு."

"போடி. நாப்பது வருஷமா, நீ அன்னைக்குச் சொன்னதையேதான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ சொன்னப்போ மட்டும் ஏன் பொத்துக்கிட்டு வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

குட்டி மீசையின் தோளிலிருந்து குனிந்து பெரியம்மாவை ஆராய்ந்தாள். "நீங்க யாரு?"

"நான் உன் பெரியம்மா."

"பெரியம்மாவுக்குப் பேரு என்ன?"

"மரகதம்."

குட்டி தான் இறங்கிவந்த படகைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள். கையை நீட்டித் தாவினாள். நனைந்த குட்டி நல்ல கனம். மரகதம் வீடு போய்ச் சேரும்வரை அவளைக் கீழே இறக்கவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, சின்ன மகள் ஆள் உயரச் சட்டையில் வருவதையும், மாப்பிள்ளை போர்வைக்குள் நடுங்குவதையும், பெரியவள் இடுப்பில் குட்டி இருப்பதையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ போன்ல நான் பேசினப்போ..." என்று பெரியவளைப் பார்த்தாள். மரகதம் தலையாட்டினாள். அம்மா பெரியவளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "சிப்பி வேணும்னா கடையில கிடைக்காதா?" என்று ஆரம்பித்தவள், வெந்நீர் கொதித்து எல்லோரும் குளித்து முடிக்கும்வரை நிறுத்தவில்லை. மருமகன் பாவம், எல்லாவற்றுக்கும் "சரிங்க அத்தை" என்றார்.

இரவு மரகதத்தின் கணவர் வந்து பார்த்தபோது வீட்டில் கால் வைக்க இடமில்லை. கொடி முழுக்க ஈரத்துணி. யார் தட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாத அளவுக்குக் கலகலப்பு.

அதற்குப் பிறகு தங்கை வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு வருகிறாள். முதல் இரண்டு மூன்று தடவை அக்காவும் தங்கையும் விருந்தாளிகள்போலப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். "நீ சொல்லு", "இல்லக்கா, நீயே சொல்லு" என்று ஒரே மரியாதை. அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. போன வாரம், அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சையை எந்தக் கண்ணில் முதலில் செய்வது என்பதில் இரண்டு பேருக்கும் பேச்சு தடித்து, சமையலறையிலிருந்து குரல் தெருவரை கேட்டது. அம்மா நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம், "ஒண்ணுமில்ல, என் பொண்ணுங்கதான்" என்று சொன்னாள்.